லயத்து வீடுகளின் பெயர்கள்: இடித்த தோட்டத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

சிப்புட் தையல்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 61. பட்டணத்திலிருந்து சில கட்டை (மைல்) தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். தாத்தா, ஆள் சேர்க்க வந்த தம் ஊர்க் கங்காணியின் பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். கல்யாணம் ஆகும்வரை, லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில், கீழ லயத்தில்தான் இருந்தேன்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. முதலில் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலம் கைமாறியது. கடைசியாக நின்ற மேல லயத்தைப் போன மாதம் ஒரே முற்பகலில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும், விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்து ஓரத்துத் தூங்குமூஞ்சி மரமும் மட்டும் நிற்கின்றன.

இடிப்பதற்கு முதல் நாள் தம்பியுடன் போயிருந்தேன். பழைய ஆபீஸ் அறைக்குக் கதவு இல்லை. மூலையில் ஈரத்தில் ஊறிய புத்தகக் குவியல். காவலுக்கு இருந்த பெரியவர், "எடுத்துக்கொண்டு போங்கம்மா, நாளைக்கு எல்லாம் மண்ணோடு மண்தான்" என்றார். கறையான் தின்றது போக மூன்று செக்ரோல் புத்தகங்கள் தேறின. 1957, 1963, 1968ஆம் ஆண்டுகளுக்கு உரியவை.

தோட்டத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செக்ரோல் என்பது ஆள் கணக்கு எழுதும் புத்தகம். இடப்பக்கம் பெயர். அதற்கு நேராக மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வேலைக்கு வந்தால் ஒரு கோடு, அரை நாள் என்றால் அரை. கடைசியில் சம்பளத் தொகை, அதன் பக்கத்தில் கைநாட்டு. பெயர்களைக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். மூன்று புத்தகத்திலும் அம்மாவின் பெயருக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டு. கடைசியில் பெயரை வைத்து நான் அம்மாவைக் கண்டுபிடிக்கவில்லை, கைநாட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அம்மாவின் இடது பெருவிரலில் வெட்டுக்கத்தி இழுத்த தழும்பு ஒன்று உண்டு. ஊதா மையில் பதிந்த ரேகையின் குறுக்கே, மை ஒட்டாத வெள்ளைக் கோடு ஒன்று சாய்வாக ஓடுகிறது. 1963ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அம்மா சம்பளம் வாங்கிய எந்த மாதத்தைத் திருப்பினாலும் அதே கோடு. மார்ச் மாதப் பாதியிலிருந்து ஏப்ரல் முடிய அம்மாவின் கட்டங்கள் காலி. என் அண்ணன் பிறந்தது அப்போதுதான்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி அச்சில் வந்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மூவரின் பெயரும் இருக்கிறது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பதும் இருக்கிறது. அவர் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாக எங்கள் வீட்டிலும் கட்டினார்கள். கோலகங்சாருக்குப் போனால், 1877இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்றுக்கு வேலி கட்டிப் பலகை வைத்திருப்பதைப் பார்க்கலாம். மரத்துக்குப் பலகை வைத்தது சரிதான். அதே மாநிலத்தில் அந்த மரத்தின் வாரிசுகளை விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டியவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

ஆகவே நான் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். துணி அளவுக்கு வெட்டும் பழுப்புத் தாளை வெட்டுமேசை முழுக்க விரித்து, இரண்டு லயத்தையும் வரைந்தேன். மேல லயம் 1 முதல் 16 வரை, கீழ லயம் 17 முதல் 32 வரை. தண்ணீர்க் குழாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோர், புகைக்கொட்டகை, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் போட்டாயிற்று. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அங்கே இருந்தவர்களின் பெயர். பழைய தோட்டத்து ஆட்கள் துணி தைக்க வந்தால் அளவெடுப்பதற்கு முன்னால் மேசைக்கு அழைத்துப் போய்விடுகிறேன். 14ஆம் வீட்டில்தான் சிக்கிக்கொண்டது. அங்கே வேலையை மேற்பார்த்த மண்டோரின் குடும்பம் இருந்தது என்று ஓர் அம்மா அடித்துச் சொல்கிறார். இல்லை, கோயில் பூசாரி குடும்பம்தான் என்று இன்னொரு பெரியவர் சத்தியம் செய்கிறார். இருவரும் என் கடையிலேயே கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தெளிவாகப் பேசக்கூடிய பெரியவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். மூத்தவருக்கு 91 வயது. அவர்களிடம் எதை, எப்படிக் கேட்பது? இந்தப் புத்தகங்களைக் கெடாமல் வைப்பது எப்படி? கடைசியில் யாரிடம் ஒப்படைப்பது, கோயிலிலா, பள்ளியிலா, கோலாலம்பூரிலா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். ஆனால் செய்யச் சொன்னால் ஒழுங்காகச் செய்வேன்.

பழைய ஏடு, ஈப்போ எழுதியது:

அம்மா, முதலில் அந்தப் புத்தகங்களுக்கு வருகிறேன். நூலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். அக்கறையால் செய்த காரியமே தாளைக் கெடுத்த கதைகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேட் செய்யவே கூடாது. வெயிலில் காய வைக்காதீர்கள். ஊதா மை வெயிலுக்கு வெளுத்துப் போகும், அம்மாவின் கைநாட்டும் அதோடு போய்விடும். மின்விசிறிக் காற்றில், நிழலில், பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து உலரவிடுங்கள்.

நன்றாக உலர்ந்த பிறகு கறையானையும் பூச்சியையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக்கமாக மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். இதுவரை கறையான் மருந்து தெளித்திருந்தால் இனித் தெளிக்க வேண்டாம்.

அடுத்தது படம் எடுப்பது. கைப்பேசியே போதும். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், பளிச்சென்ற விளக்கைப் போடாமல், அட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில்தான் கிராணிமார் கடன் கணக்கும் காய்ச்சல்காரர் கணக்கும் எழுதி வைப்பார்கள். உங்களிடம் அளவு நாடா இருக்கும். அதைப் பக்கத்தின் ஓரமாக வைத்து எடுத்தால் பின்னால் பார்ப்பவருக்குப் புத்தகத்தின் அளவு தெரியும். மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

இனித் தேட வேண்டியவை. செக்ரோலில் வேலைக்கு வந்தவர்கள்தான் இருப்பார்கள். பிள்ளைகளும் கிழவிகளும் அதில் இருக்க மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்த தேதியும் இருக்கும். பள்ளி இடம் மாறியிருந்தாலும் பதிவேடு பெரும்பாலும் கூடவே போயிருக்கும்; தலைமையாசிரியரிடம் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். கோயில் வரிப் புத்தகத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட நான் நம்புவது கல்யாண மொய் நோட்டைத்தான். யார், எந்தத் தோட்டம், எத்தனை வெள்ளி என்று தமிழிலேயே எழுதியிருக்கும். செக்ரோலில் கிராணி சிதைத்த பெயர், மொய் நோட்டில் சரியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வெளியே தேடுவதென்றால், சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. தோட்டத்தின் பெயரை ஆங்கில நாளிதழ்களிலும் தேடுங்கள், எல்லா எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள். சீனிவாச சாஸ்திரி 1936இல் மலாயாவுக்கு வந்து, தொழிலாளர் நிலைமையைப் பார்த்து எழுதிய அறிக்கை அச்சில் இருக்கிறது. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியதற்கு முந்தைய தோட்ட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

ஒப்படைப்பது பற்றி என் கருத்து: மூலப் புத்தகம் தேசிய ஆவணக் காப்பகம் போல் குளிர்சாதனமும் காவலும் உள்ள இடத்துக்குப் போகட்டும். கொடுக்கும்போது எழுத்தில் ரசீது வாங்குங்கள். நல்ல அச்சுப் பிரதி கோயிலிலும் பள்ளியிலும் இருக்கட்டும். கோயில் அலமாரியில் மூலத்தை மட்டும் வைக்காதீர்கள். கற்பூரப் புகை, எண்ணெய், மழைக் கசிவு மூன்றும் அங்கே உண்டு.

லாபிஸ்காரன், பாஸ்டன் எழுதியது:

அக்கா, நான் ஜோகூர் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். வேலை நிமித்தம் பதினோரு ஆண்டாக பாஸ்டனில் இருக்கிறேன். உங்கள் 14ஆம் வீட்டைப் படித்ததும் இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்த நகரத்தில் வெஸ்ட் எண்ட் என்று ஒரு பகுதி இருந்தது. இத்தாலியக் குடும்பங்களும் யூதக் குடும்பங்களும் இன்னும் பலரும் நெருக்கமாக வாழ்ந்த செங்கல் வீடுகள், குறுகிய தெருக்கள். அதைச் சேரி என்று முத்திரை குத்தி, 1958இல் இடிக்கத் தொடங்கி, ஓரிரு ஆண்டில் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் வசதியானவர்களுக்கு உயரமான அடுக்குமாடிகள் எழும்பின. பழைய தெருக்களில் இன்று தனியாக நிற்கும் ஒரே ஒரு வீட்டை எல்லோரும் கடைசிக் குடியிருப்பு என்றே சொல்கிறார்கள். நெடுஞ்சாலைக்கும் பெரிய கட்டடங்களுக்கும் நடுவில் அது ஒற்றைப் பல்லைப் போல் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் தோட்டத்துக் கோயில்தான் என் கண்ணுக்குள் வந்தது.

அந்த மக்கள் திசைக்கொன்றாகச் சிதறினார்கள். ஆனால் விடவில்லை. 1985இல் தங்களுக்குள் ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். யார் இறந்தார், யாருக்குப் பேரன் பிறந்தான், எந்தத் தெரு மூலையில் எந்தக் கடை இருந்தது என்பதையெல்லாம் பழைய படங்களோடு போட்டார்கள். பிறகு அதே பகுதியில் ஒரு சிறிய அருங்காட்சியகமும் வந்தது. தெருவே இல்லாமல் போன பிறகும் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் அளவெடுக்கும் முன்னால் செய்யும் வேலையும் அதுதான்.

பக்கத்திலேயே நார்த் எண்ட் என்று இன்றும் இத்தாலிய வாசனை வீசும் பகுதி இருக்கிறது. சிசிலித் தீவில் ஷாக்கா என்ற ஊரிலிருந்து வந்த மீனவர்கள் தங்கள் ஊர் மாதாவுக்கு 1910 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் விழா எடுக்கிறார்கள். சிறுமி ஒருத்தியைத் தேவதை வேடத்தில் கயிற்றில் கட்டித் தெருவுக்கு மேலே பறக்க விடுவார்கள். ஒரே கிராமத்து ஆட்கள் ஒரே தெருவில் வந்து குடியேறியதால்தான் அந்த விழா நிலைத்தது. ஆட்களைக் கூட்டி வந்த முறையும் நமக்குப் பழகியதுதான். பத்ரோனே என்று ஒரு தரகன் இருப்பான். தன் மொழி பேசும் ஆட்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பான், சிலருக்குக் கப்பல் காசையும் முன்பணமாகக் கொடுப்பான், பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வான். இதை நான் படித்தபோது, கங்காணியைப் பற்றி என் பாட்டி சொன்னதைத்தான் திரும்பக் கேட்பதுபோல் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண்ணில் 1863இல் கட்டிய குடியிருப்பு ஒன்று இன்று அருங்காட்சியகம். 1935இல் மேல்மாடி வீடுகளைக் காலி செய்து அடைத்துவிட்டார்கள். 1988இல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்கள் கட்டடம் முழுவதையும் ஒரே காலத்தின் படமாக ஆக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பம், ஒரு காலம் என்று தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒன்று சிசிலியிலிருந்து வந்த பால்டிஸி குடும்பத்தின் வீடு. அந்த வீட்டில் சிறுமியாக இருந்த மகள் ஜோசபின், முதிய வயதில் சொன்ன நினைவுகளை வைத்து அந்த அறைகளை அடுக்கினார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே அவர் குரலே கேட்கும்.

உங்கள் 14ஆம் வீட்டுச் சண்டையில் இரண்டு பேரும் உண்மையைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். வருடத்தைத்தான் யாரும் கேட்கவில்லை. ஒரே தாளில் எழுபது ஆண்டை அடைக்க முடியாது. உங்களிடம் மூன்று செக்ரோல் இருக்கிறதே, 1957க்கு ஒரு படம், 1963க்கு ஒரு படம், 1968க்கு ஒரு படம் என்று தனித்தனியாகப் போட்டால் என்ன?

பெரியவர்களிடம் "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று தொடங்க வேண்டாம். என் பாட்டியிடம் அப்படிக் கேட்டேன். "என்ன சொல்ல, வேலை செய்தோம், சாப்பிட்டோம்" என்று முடித்துவிட்டார். பிறகொரு நாள், பெரட்டுக்குப் போகும் முன்னால் அடுப்பில் என்ன இருக்கும் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். வரைபடத்தை முன்னால் விரித்து, உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார், இருமல் சத்தம் யாருடையது என்று கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அவர் தேதியைத் தவறாகச் சொன்னால் இடைமறிக்காதீர்கள்.

புந்தோங் பேரன் எழுதியது:

ஆன்டி, நல்ல வேலை செய்கிறீர்கள். ஒன்று கேட்கத் தோன்றுகிறது, தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் தோட்டத்தில் மேல லயம், கீழ லயம் என்று பிரித்தது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மட்டும்தானா? எங்கள் தாத்தா இருந்த தோட்டத்தில் அது சாதி பார்த்துப் பிரித்த பிரிவு. குழாய்கூடத் தனி. தாத்தா அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

வீட்டுக்கு வீடு பெயர் எழுதி இணையத்தில் போட்டால், யார் எந்தப் பக்கம் என்று அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும். அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று எங்கேயோ நல்லபடியாக இருக்கிறார்கள். கள்ளுக்கடையால் சீரழிந்த குடும்பங்கள், தூக்கு மாட்டிக்கொண்டவர்கள், ஓடிப்போனவர்கள் என்று எல்லா லயத்திலும் கதை உண்டு. அவையெல்லாம் வரலாறுதான். ஆனால் அந்த வீட்டுக்காரர்களைக் கேட்காமல் நாம் எழுதலாமா? எழுதாமல் விட்டால் தோட்டத்தில் எல்லோரும் ஒரே குடும்பம் போல் இருந்தோம் என்று பொய் சொன்னதாகாதா? எனக்கு விடை தெரியவில்லை. உங்களிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் பட்டது.

சிப்புட் தையல்காரி எழுதியது:

ஐயா, தம்பி, பிள்ளை, மூவருக்கும் நன்றி. மூன்று பதிலையும் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

புத்தகங்கள் இப்போது மீன் விற்கும் அண்ணனின் ஆழ்குளிர்ப் பெட்டியில், தனித் தட்டில் இருக்கின்றன. மொய் நோட்டு என்றதும் அலமாரியைக் குடைந்தேன். அப்பா அம்மா கல்யாணத்து நோட்டு கிடைத்தது. 1961. கிராணி சிதைத்த பெயர்களில் ஒன்பதை அதை வைத்துச் சரி செய்துவிட்டேன். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் "பித்தளைச் செம்பு 1" என்று எழுதியிருக்கிறது. அந்தச் செம்பில்தான் இன்றும் நான் பூசைக்குத் தண்ணீர் வைக்கிறேன். யார் கொடுத்தது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

புந்தோங் பிள்ளைக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நீ கேட்டது சரிதான் அப்பா. எங்கள் தோட்டத்திலும் இரண்டு குழாய் இருந்தது. முதல் படத்தில் நான் ஒரே குழாயைத்தான் வரைந்திருந்தேன். மறந்துபோய் அல்ல, வரையக் கை வரவில்லை. இப்போது இரண்டையும் போட்டுவிட்டேன். பெயர்களுக்குப் பக்கத்தில் சாதியை எழுத மாட்டேன். ஏன் இரண்டு குழாய் என்பதை, சொல்ல விரும்பும் பெரியவர் அவர் வாயாலேயே சொல்லட்டும், அந்தப் பதிவை அப்படியே வைப்பேன். வீட்டு எண்ணோடு கூடிய படத்தை இணையத்தில் போடப் போவதில்லை. கோயில் மண்டபத்தில் இருக்கும், வந்து பார்க்கலாம். ஒரு வீட்டைப் பற்றிய துக்கக் கதையை அந்த வீட்டு வாரிசு சம்மதித்தால்தான் எழுதுவேன். சம்மதிக்காவிட்டால் பெயர் மட்டும் இருக்கும். பெயர் இல்லாமல் மட்டும் எந்த வீட்டையும் விட மாட்டேன்.

லாபிஸ் தம்பி சொன்ன யோசனைக்கு என்னிடமே வழி இருந்தது. துணியில் டிசைன் இறக்கும் டிரேசிங் தாள் கடையில் ஒரு சுருள் இருக்கிறது. அடியில் பழுப்புத் தாளில் வீடும் குழாயும் மரமும் மட்டும் இருக்கின்றன. அதன்மேல் 1957க்கு ஒரு டிரேசிங் தாள், 1963க்கு ஒன்று, 1968க்கு ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் மாறாத குடும்பத்தின் பெயர் மூன்று தடவை அழுத்தமாகத் தெரிகிறது. போனவர்கள் பெயர் அடியிலுள்ள டிரேசிங் தாளில் மங்கலாகத் தெரிகிறது.

கிள்ளான் மருமகள் எழுதியது:

அத்தை, என் மாமியார் உங்கள் தோட்டத்துக்காரராக இருக்க வேண்டும். வயது 79. பெரட்டுக்களத்துத் தூங்குமூஞ்சி மரமும் மாரியம்மன் கோயிலும் என்று நான் வாசித்ததும், கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

14ஆம் வீட்டில் முதலில் இருந்தது பூசாரி குடும்பம்தானாம். அவரும் பால் வெட்டுக்காரர்தான், பூசை வெள்ளி, செவ்வாய் மட்டும். அவருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததில் அவருக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு குடும்பத்தோடு ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்களாம். அதன் பிறகுதான் மண்டோர் குடும்பம் அந்த வீட்டுக்கு வந்தது. போகும் நாளில் பூசாரியின் மனைவி அம்மிக்கல்லைத் தூக்க முடியாமல் என் மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மி இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. வேண்டுமானால் கொண்டுவருகிறோம். மாமியாரும் வர வேண்டும் என்கிறார்.

சிப்புட் தையல்காரி எழுதியது:

கட்டாயம் வாருங்கள் அம்மா. அம்மியையும் மாமியாரையும் அழைத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் படத்தை விரிக்கிறோம். கோபித்துக்கொண்டு போன இரண்டு பேரிடமும் நேரில் போய் விவரம் சொன்னேன். 1968க்குப் பிறகு வேறு புத்தகம் கிடைக்காததால், மண்டோர் குடும்பத்துக்காக நான்காவது தாள் ஒன்று வைத்துவிட்டேன். இப்போது இரண்டு பேரும் வருகிறேன் என்கிறார்கள்.

நேற்று 91 வயதுப் பாட்டியைப் பதிவு செய்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், தேதியைச் சொன்னேன், சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டேன். பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. விரலைத் தாளின்மேல் வைத்து, 5ஆம் வீட்டிலிருந்து மெதுவாக நகர்த்தினார். ஜப்பான்காரன் காலத்தில் பாட்டிக்கு எட்டு வயது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்து நின்ற காலையில் எந்தெந்த வீட்டிலிருந்து ஆள் ஏறினார்கள் என்று ஒவ்வொரு வீடாகத் தொட்டார். தொட்ட வீட்டுக்கெல்லாம் ஒரு பெயர் சொன்னார். 415 கிலோமீட்டர்ப் பாதை, 1942 ஜூனிலிருந்து 1943 அக்டோபர் வரை வேலை நடந்தது என்று நான் படித்ததையெல்லாம் அப்போது சொல்லவில்லை. பாட்டி விரலால் ஆறு வீட்டைத் தொட்டார். திரும்பி வந்தவர் இருந்த வீடு என்று ஒன்றை மட்டும் இரண்டு தடவை தட்டினார். பிறகு, "எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டேன். 1942 என்று தலைப்பிட்டு ஐந்தாவது தாள் போட்டிருக்கிறேன். அந்த ஆறு பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை.

இன்னும் ஒரு வீடு எனக்கு வேண்டும். கீழ லயத்தில் 22ஆம் எண், ஆயாக்கொட்டகைக்கு நேர் எதிர் வீடு. எல்லாத் தாளிலும் அது காலியாக இருக்கிறது. வாசலில் வெள்ளைச் செம்பருத்தி நின்றது எனக்கே நினைவிருக்கிறது. காலில் யானைக்கால் வீக்கத்தோடு ஓர் ஆயா அங்கே திண்ணையில் உட்கார்ந்து காய்ந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலைப் பிரித்துக்கொண்டிருப்பார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் வறுத்த கடலை கொடுப்பார். நாங்கள் எல்லோரும் அவரைக் கடலை ஆயா என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயர் தெரிந்தவர்கள், அவர் பேரப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். 22ஆம் கட்டத்தில் பென்சிலால் செம்பருத்திப் பூவை மட்டும் வரைந்து வைத்திருக்கிறேன்.